எழுத்துப்பிழை இல்லை, ஆனாலும் பத்தி "ஓடவில்லை" என்கிறார்கள். எங்கே தப்பு?

கூட்டெழுத்து:
வணக்கம். எங்கள் நூலகக் குழுவுக்காக ஒன்பது பக்க அறிக்கை எழுதினேன். "படிக்க முடியல, திருத்திக் கொடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை வாசித்து எழுத்துப்பிழைகளைச் சரிசெய்தேன். மறுபடியும் அதே பதில். முதல் பத்தி இதோ:

"வாசகர்களின் வருகை குறைந்து வருவதை கருத்தில் கொண்டு, அதற்கான காரணங்களைக் கண்டறியும் பொருட்டு ஆய்வு ஒன்று எங்களால் மேற்கொள்ளப்பட்டு, அதில் வாசகர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வர விரும்புவதும், ஆனால் நூலகம் ஐந்தரைக்கே மூடப்படுவதும் தெரிய வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மேலும் புத்தகங்கள் பழையதாக இருக்கிறது. மேலும் நேற்று புதிய நூல்கள் வரும் என்று நூலகர் அறிவித்தார்."

ஒற்று:
"வருவதைக் கருத்தில்" என்று வரணும். ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகும்.

கூட்டெழுத்து:
திருத்திவிட்டேன், நன்றி. ஆனால் அவர்கள் சொன்னது அதை இல்லை என்று நினைக்கிறேன்.

சிவப்பு மை:
அது இல்லைதான். க் போட்டாலும் இந்தப் பத்தி நகராது.

ஒன்று கேட்கிறேன், பார்க்காமல் பதில் சொல்லுங்கள்: இந்தப் பத்தியில் நீங்கள் சொல்ல வந்தது என்ன? "ஆறு மணிக்கு வர நினைக்கிறார்கள், நாம் ஐந்தரைக்கே மூடிவிடுகிறோம்." அவ்வளவுதானே? அது உங்கள் பத்தியில் எங்கே கிடக்கிறது பாருங்கள். முன்னால் "கருத்தில் கொண்டு", "பொருட்டு", "மேற்கொள்ளப்பட்டு", பின்னால் "என்பது குறிப்பிடத்தக்கது". நடுவில் மூச்சுத் திணறுகிறது. அதை வெளியே இழுத்துப் போட்டால்:

"வாசகர்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வர விரும்புகிறார்கள். நூலகமோ ஐந்தரைக்கே மூடிவிடுகிறது. வருகை ஏன் குறைகிறது என்று விசாரித்தபோது எங்களுக்கு முதலில் தெரிய வந்தது இதுதான்."

"புத்தகங்கள் பழையதாக இருக்கிறது" என்பதில் ஒருமை பன்மை மயக்கம். "புத்தகங்களும் பழையவை" போதும்.

கடைசி வாக்கியத்தில் "நேற்று" எதோடு சேர்கிறது? நேற்று வரும் நூல்களா, நேற்றைய அறிவிப்பா? "புதிய நூல்கள் வரும் என்று நூலகர் நேற்று அறிவித்தார்" என்று வினைக்குப் பக்கத்தில் வைத்தால் குழப்பமில்லை. உண்மையில் அந்த வாக்கியத்துக்கு இந்தப் பத்தியில் வேலையே இல்லை. புத்தகங்களைப் பற்றித் தனிப் பத்தி இருந்தால் அங்கே அனுப்புங்கள்.

கூட்டெழுத்து:
என் வாக்கியத்தை நானே இப்போதுதான் புரிந்துகொண்டேன் போல இருக்கிறது! ஒரு சந்தேகம். "மேற்கொள்ளப்பட்டது" என்றால்தான் அறிக்கை மாதிரி இருக்கும் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார்.

ஒற்று:
அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. செயப்பாட்டு வினை என்றாலே தப்பில்லை. யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அது வசதி: "பழைய அலமாரிகள் அகற்றப்பட்டன." ஆனால் "எங்களால் மேற்கொள்ளப்பட்டு" என்று எழுதும்போது செய்தவரையும் சொல்லிவிட்டீர்கள், பிறகு ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? "நாங்கள் ஆய்ந்தோம்."

சிவப்பு மை:
ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று: "மேலும்" என்று தேடிப் பாருங்கள். என் பழைய கட்டுரை ஒன்றில் தேடி, எண்ணி முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது.

கூட்டெழுத்து:
ஒன்பது பக்கத்தில் 31. 😐 இரண்டாம் பத்தியை நானே திருத்தினேன், பாருங்கள்: "நாங்கள் வாசகர்களிடம் பேசி, இருக்கைகள் போதவில்லை என்பது தெரிந்தது."

ஒற்று:
பேசியது நீங்கள், தெரிந்தது செய்தி. "பேசி" என்ற எச்சத்துக்கும் "தெரிந்தது" என்ற முற்றுக்கும் எழுவாய் வேறு. "பேசியபோது" என்று மாற்றுங்கள்.

சிவப்பு மை:
"மழை பெய்து நெல் விளைந்தது" என்கிறோமே? 🙂

ஒற்று:
அங்கே மழையால்தான் நெல் விளைந்தது, அதனால் காதுக்கு உறுத்தவில்லை. இவர் பேசியதால் இருக்கை குறையவில்லையே! வாய்விட்டு வாசித்தால் இந்த மாதிரி இடத்தில் நாக்கே தடுக்கும்.

கூட்டெழுத்து:
வாசித்தேன், தடுத்தது. "பேசியபோது" போட்டாயிற்று. மூன்றாம் பத்தியை இப்போதுதான் திறந்தேன். முதல் சொல்லே "மேலும்".