மிஞ்சோ, போ ஆற்றங்கரைகளில் சைக்கிள் பயணம்: பெஸ்கியேரா முதல் ஃபெர்ராரா வரை

வடவாறு:
வணக்கம். செப்டம்பர் கடைசியில் வட இத்தாலியில் ஐந்து நாள் சைக்கிள் ஓட்ட யோசனை. கார்தா ஏரிக்கரையில் பெஸ்கியேராவில் தொடங்கி மாந்தோவா. அங்கிருந்து போ ஆற்றின் தென்கரை பிடித்து ஃபெர்ராரா. கூட வருவது அப்பா, வயது 62. தினமும் மிதிப்பவர்தான், ஆனால் பக்கத்தில் லாரி வந்தால் இறங்கி நின்றுவிடுவார். வழி முழுக்க கார் வராத பாதையா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்? சமதரை என்பதால் சாதாரண வாடகை சைக்கிள் போதுமா? திரும்ப ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியுமா? அப்பா சைவம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தனிப்பாதை:
முதல் பாதிக்கு "ஆமாம்". இரண்டாம் பாதிக்கு "கிட்டத்தட்ட".

பெஸ்கியேரா–மாந்தோவா சுமார் 45 கி.மீ. மிஞ்சோ ஆற்றையும் அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் ஒட்டிய தார்ப்பாதை, பெரும்பகுதி தனிப்பாதை. ஏரி கடல்மட்டத்திலிருந்து 65 மீட்டர், மாந்தோவா 20 மீட்டர் அளவில். ஆக, தண்ணீர் போகிற திசையிலேயே லேசான இறக்கம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் போர்கெத்தோ. பழைய நீர்ச்சக்கர ஆலைகளும், 1393-ல் மிலான் பிரபு ஜான் கலேயாத்ஸோ விஸ்கோந்தி கட்டிய கோட்டைப் பாலமும் அங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதையில் குழந்தை, நாய், ஐஸ்கிரீம் சகிதம் ஊரே நடக்கும். இங்கே கார் தொல்லை இல்லை, மனிதத் தொல்லைதான். வார நாளில் கிளம்புங்கள்.

மாந்தோவாவில் இரண்டு இரவு தங்குங்கள். அங்குள்ள பழைய பிரபுக்களின் அரண்மனைக்கு (பலாத்ஸோ துகாலே) திங்கள் விடுமுறை. ஓவியர் மான்தேஞா 1474-ல் முடித்த சுவரோவிய அறை அதற்குள்தான் இருக்கிறது. நகரைச் சூழும் ஏரிகள் 12-ஆம் நூற்றாண்டில் மிஞ்சோவை மறித்து உண்டாக்கியவை. மேல் ஏரி முழுக்கத் தாமரை, நம்ம ஊர்த் தாமரையேதான், 1921-ல் கொண்டுவந்து நட்டது. பூ பார்க்க ஜூலை, ஆகஸ்டில் போகணும். நீங்கள் போகும்போது இலை காயத் தொடங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு மிஞ்சோவை ஒட்டி கோவெர்னோலோ, அங்கிருந்து சான் பெனதெத்தோ போ. மொத்தம் 30 கி.மீ. சொச்சம். இந்தப் பகுதியில்தான் போ ஆற்றைப் பெரிய பாலத்தில் கடக்க வேண்டும். லாரி ஓடும் சாலை அது. அப்பாவுக்குச் சிரமமான இடம் இது ஒன்றுதான், அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வரைபடத்தைப் பார்த்து "கிழக்கே ஒஸ்தீலியா–ரெவேரே பாலத்தில் கடக்கலாமே" என்று தோன்றும். வேண்டாம். அது ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிரென்னர் மலைக்கணவாய்க்குப் போகும் நெடுஞ்சாலை, இன்னும் மோசம்.

தென்கரை ஏறிவிட்டால் நிம்மதி. நம்ம டெல்டாவில் கரை, படுகை என்று பிரிப்போமே, அதே அமைப்புதான், அளவுதான் பெரிது. கரை மேல் ஒற்றைப் பாதை. ஆற்றுப் பக்கம் படுகையில் நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் தோப்பு. மறுபக்கம் தாழ்வாக வயலும் ஊரும். உள்ளூர்க்காரர் கார், டிராக்டர் எப்போதாவது வரும். ஸ்தெல்லாத்தாவில் ஃபெர்ராரா மாவட்டத்தின் "தேஸ்த்ரா போ" பாதை தொடங்குகிறது. கடலோரம் கோரினோ வரை 120 கி.மீ.க்கு மேல் போகும், உங்களுக்கு அதில் முதல் துண்டு போதும்.

நாள் கணக்கு: முதல் நாள் மாந்தோவா, இரண்டாம் நாள் சைக்கிளுக்கு ஓய்வு, மூன்றாம் நாள் சான் பெனதெத்தோ (1007-ல் நிறுவிய பொலிரோனே மடம் அங்கே), நான்காம் நாள் செர்மிதே, 40 கி.மீ. அளவு, ஐந்தாம் நாள் ஸ்தெல்லாத்தா வழியாக ஃபெர்ராரா, அதுவும் அதே அளவு. கடைசி நாள் ஆற்றங்கரையோடு பொந்தேலாகோஸ்குரோ வரை போய்த் தெற்கே திரும்பலாம், அல்லது போந்தேனோவில் இறங்கி புரானா வாய்க்கால் பாதையில் போகலாம். எதிர்க்காற்று அடித்தால் இரண்டாவது. ஃபெர்ராராவில் சக்தி மிச்சமிருந்தால் கோட்டைச் சுவரைச் சுற்றி 9 கி.மீ. ஓட்டுங்கள். பழைய நகரத்துக்குள் உருண்டைக் கல் பாவிய தெருக்கள், அங்கே இறங்கித் தள்ளுவதுதான் புத்தி.

பம்புக்காரன்:
பாதை பற்றி மேலே சொல்லிவிட்டார். வண்டி பற்றி நான்.

சமதரைன்னா சுலபம்னு நினைக்காதீங்க. மேடு கிடையாது, அதனால இறக்கமும் கிடையாது. மிதிக்காம உருள்ற நேரமே இல்லை. ஒரே உட்காரல், ஒரே பிடி, மணிக்கணக்கா. கை மரத்துப்போறதும் சீட் வலியும்தான் இங்கே ஆளை நிறுத்தும், கால் இல்லை. ஹேண்டில்பார்ல பிடி மாத்த இடம் இருக்கணும். நுனியில சின்னக் கொம்பு மாட்டித் தரச் சொல்லுங்க. கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நின்னு இருபது மிதி மிதிக்கணும். கியர் எத்தனைன்னு கவலை வேண்டாம், ஏழு போதும்.

பஞ்சர்: இதுதான் பெரிய விஷயம். கரையோரப் புல்லில் நெருஞ்சி உண்டு. நம்ம கரம்புல கிடக்கிற அதே நெருஞ்சிதான், செடியும் ஒண்ணு, முள்ளும் ஒண்ணு. காய் முத்தி உதிர்றது கோடைக் கடைசி, அதாவது நீங்க போற மாசம். உதிர்ந்த துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிக்கும். நடுப்பாதையில ஓட்டுற வரைக்கும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. படம் எடுக்க, தண்ணி குடிக்க வண்டியை ஓரப் புல்லுல இறக்கிச் சாய்ப்பாங்க பாருங்க, அங்கேதான் ரெண்டு சக்கரமும் ஒண்ணா போகும். தார் மேலேயே நிறுத்துங்க.

முள் குத்தினதும் காத்து உடனே இறங்காது. முள்ளே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கும். ராத்திரி மெதுவா இறங்கி, காலையில டயர் தட்டையா கிடக்கும். அதனால சாயங்காலம் தங்குற இடத்துக்கு வந்ததும் சக்கரத்தைச் சுத்தி விட்டுப் பாருங்க. முள் தெரிஞ்சா அங்கேயே பிடுங்கி அப்பவே ஒட்டுங்க, காலைக்குத் தள்ளிப் போடாதீங்க. ஒரு முள் கிடைச்சதும் நிறுத்திடக் கூடாது, நெருஞ்சி தனியா வராது. டயரைக் கழட்டி, உள்பக்கம் முழுக்கப் பஞ்சை வெச்சு ஒரு சுத்து தேய்ங்க. நுனி ஒடிஞ்சு உள்ளே நிக்கிற முள்ளுல பஞ்சு சிக்கும். விரலால தேய்ச்சா விரல்தான் கிழியும். இதைச் செய்யாம புது டியூப் போட்டா அடுத்த ஊருக்குள்ள அதுவும் போயிரும்.

எடுத்துப் போக வேண்டியது: ஒரு வண்டிக்கு ரெண்டு டியூப், ஒட்டு பத்து, சொல்யூஷன் ஒரு ட்யூப் (திறந்து வெச்சது காஞ்சிருக்கும், புதுசு வாங்குங்க), டயர் கழட்டுற பிளாஸ்டிக் நெம்புகோல் மூணு, பம்பு. வாடகை வண்டியில மெல்லிசு பிரெஞ்சு வால்வா, தடிச்ச கார் வால்வான்னு பார்த்து, பம்பு தலை அதுல உட்காருதான்னு கடை வாசல்லயே ஒரு தரம் அடிச்சுப் பார்த்துடுங்க. டயர் 40 மி.மீ. அகலம், முள் தடுக்கும் பட்டை வெச்சது கேளுங்க. காத்து 3.5 பார், நம்ம கணக்குல 50 பி.எஸ்.ஐ.

வடவாறு:
மிக்க நன்றி. வாடகை வண்டியை மாந்தோவாவில் திருப்பித் தருவதாக இருந்தால் ஃபெர்ராராவிலிருந்து எப்படி வருவது? அப்பாவுக்கு மின் சைக்கிள் எடுக்கலாமா?

செயின்கவர்:
ஃபெர்ராரா–சுஸ்ஸாரா உள்ளூர் ரயில், சுஸ்ஸாராவில் மாறி மாந்தோவா. இதே தடம் போந்தேனோ, செர்மிதே வழியாகப் போவதால், நடுவில் உடம்பு முடியவில்லை என்றாலும் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அட்டவணையில் ரயிலுக்குப் பதில் பேருந்து என்று குறி இருந்தால் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள், முந்தின நாளே பாருங்கள். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். நடுவில் நிறுவனம் மாறினால் அது செல்லாமல் போகலாம், கடைசி நிலையம் வரை செல்லுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். சைக்கிள் படம் போட்ட பெட்டியில்தான் ஏற வேண்டும். சில பெட்டிகளில் முன்சக்கரத்தைக் கொக்கியில் தூக்கி மாட்ட வேண்டும், பைகளை பிளாட்பாரத்திலேயே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயிலில் முழு சைக்கிள் ஏறாது. கழற்றி 80×110×45 செ.மீ. பைக்குள் அடக்கினால் மட்டும்.

மின் சைக்கிள் என் கணக்கில் வேண்டாம். 25 கிலோவைப் படியேற்றி, கொக்கியில் மாட்டுவது யார்? தினமும் மிதிப்பவருக்கு 40 கி.மீ. சமதரை சுமையில்லை.

தண்ணீர்தான் கரைமேல் கிடைக்காது. கரையிலிருந்து ஊருக்குச் சரிவுப்பாதையில் இறங்கித்தான் பிடிக்கணும். ஊர் நடுவில் குழாய் இல்லையென்றால் கல்லறைத் தோட்ட வாசலில் இருக்கும்; "நோன் பொத்தாபிலே" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மதியம் 12.30 முதல் 3.30 வரை சிற்றூர்க் கடைகள் மூடியிருக்கும், காலையிலேயே பழமும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள்.

சைவத்துக்கு இந்தப் பகுதியே பறங்கிக்காய் நாடு. மாந்தோவாவில் "தொர்தெல்லி தி சூக்கா", ஃபெர்ராராவில் "கப்பெல்லாச்சி": பறங்கிக்காய் உள்ளே வைத்த மாவுப்பொதி. ஃபெர்ராராவில் இதன்மேல் கறிக்குழம்பு ஊற்றித் தருவதுதான் வழக்கம், "பூர்ரோ ஏ சால்வியா" (வெண்ணெயும் சேஜ் இலையும்) என்று சொல்லி வாங்குங்கள். அந்த ஊரின் முறுக்கின ரொட்டி "கோப்பியா" பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும்; அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பாலாடைக்கட்டியில் ரென்னட் (பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது) உண்டு, அப்பா அதைப் பார்ப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனிப்பாதை:
கடல்காற்று பற்றிச் சேர்க்கணும். வெயில் ஏறின பிறகு அத்ரியாட்டிக் பக்கமிருந்து, அதாவது உங்கள் முகத்துக்கு நேரே, காற்று கிளம்பும். கரைமேல் மறைப்பே இல்லை. எட்டு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் முடிப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் மழை முன்கூட்டியே பிடித்து ஆறு பெருகினால் படுகைக்குள் இறங்கும் குறுக்குப்பாதைகள் மூழ்கிவிடும். செயலி எதைக் காட்டினாலும் கரை உச்சியை விடாதீர்கள். அந்த மாதக் கடைசியில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும். ஊருக்கு வெளியே, மறைந்து அரை மணிக்குப் பிறகு ஓட்டினால் விளக்கோடு மின்னும் மேலங்கியும் அங்கே சட்டப்படி கட்டாயம். அதையே பாலத்தில் பகலிலும் அப்பாவுக்குப் போட்டுவிடுங்கள்.