கொடிமரத்தோடு நிறுத்தப்பட்ட ஜெர்மன் அம்மா

அரிசிலாறு (கும்பகோணம்):
போன பிரதோஷத்தன்று எங்கள் ஊர் சிவன் கோயிலில் நடந்தது. ஒரு ஜெர்மன் அம்மா, ஐம்பது வயதிருக்கும். சுங்குடிப் புடவை, நெற்றியில் விபூதி, கையில் வில்வ மாலை. காவலர் கொடிமரத்தடியில் நிறுத்தி, இந்து அல்லாதவர்கள் இதைத் தாண்டக் கூடாது என்ற பலகையைக் காட்டினார். “பன்னிரண்டு வருஷமா பிரதோஷ விரதம் இருக்கேன்” என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தார் அந்த அம்மா. பலிக்கவில்லை. மாலையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அதே நேரம் என்னோடு படித்தவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், போனில் பேசிக்கொண்டே உள்ளே போய்க் காப்பரிசி வாங்கிக்கொண்டு வந்தான். அவனை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். அப்புறம் பலகை எதற்கு? தோல் நிறம் பார்க்கவா?

ஆகமப்பித்தன் (மயிலாடுதுறை):
கோயில் சுற்றுலாத்தலம் இல்லை. 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் கதவைத் திறந்தது. அதன் கீழ் வந்த விதிதான் மற்றவர்களுக்கு இல்லை என்கிறது. பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதைத்தான் சொன்னது. ஆனால் ஒன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாமி மேல் நம்பிக்கை உண்டு, கோயில் பழக்கத்துக்குக் கட்டுப்படுவேன் என்று எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் குறித்துக்கொண்டு விடலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் ஜெர்மன் அம்மாவுக்கு வழி இருந்தது. கூட நின்ற நீங்கள் கேட்டீர்களா?

அரிசிலாறு:
கேட்டேன் சார். “அப்படி நோட்டெல்லாம் இங்க இல்லீங்க, ஆபீஸ்ல கேளுங்க” என்றார் காவலர். ஆபீஸ் பூட்டியிருந்தது.

வெண்ணாறு (தஞ்சாவூர்):
எங்கள் பெரிய கோயிலுக்கு வந்து பாருங்கள். விமானத்தின் வடக்குப் பக்கம் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் முகம் ஒன்று இருக்கும். இவர்கள் வருவார்கள் என்று ராஜராஜன் அன்றே செதுக்கி வைத்தான் என்று கைடுகள் கதை விடுவார்கள். பின்னால் யாரோ சேர்த்ததாகத்தான் இருக்கும். எப்படியோ, விமானத்தில் ஏறியவரை வாசலில் நிறுத்துவது வேடிக்கை.

ஆகமப்பித்தன்:
கைடு கதையை வைத்து விதி எழுத முடியாது தம்பி. போன அன்னாபிஷேகத்தில் அர்த்தமண்டபம் வரை செல்ஃபி குச்சி நீட்டியவர்களை நான் பார்த்தேன்.

வெண்ணாறு:
நானும்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் நம்ம ஆட்கள்.

நாகூர்ப்புறா (நாகப்பட்டினம்):
நான் முஸ்லிம், நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப்சிங். மொட்டை போட வருகிறவர்களில் நிறையப் பேர் இந்துக்கள். அதனால் “தர்கா திறந்திருக்கிறதே, கோயில் ஏன் மூடியிருக்கிறது” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த ஒப்பீடு எனக்கே ஒப்பவில்லை. தர்கா பெரியவர் அடங்கிய இடம், கருவறை வேறு. பலகை இருந்தால் வெளியே நின்றுகொள்வேன், வருத்தமில்லை. பலகையை ஆளுக்கு ஆள் மாற்றிப் படிப்பதுதான் உறுத்துகிறது.

ஆகமப்பித்தன்:
பாய் சொல்வது நியாயம்.

குடமுருட்டி (பாபநாசம்):
மதம் மாறியவர்களைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. எங்கள் தெருவில் தாத்தா காலத்தில் கிறிஸ்தவரான குடும்பம் ஒன்று. “நாங்க விட்டுட்டுப் போகல, வாசல்லயே நிறுத்தினீங்க” என்பார் அந்தப் பெரியவர். திருப்புன்கூரில், சாதியால் வெளியே நின்ற நந்தனாருக்காக நந்தி விலகியது என்று பெருமையாகச் சொல்கிறோம். நந்திதான் விலகியது, அன்று ஆள் உள்ளே போகவில்லை. இப்போது அந்த வீட்டுப் பேத்தி இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு வெள்ளிதோறும் அம்மன் சன்னதிக்குப் போகிறாள். “சர்டிபிகேட் இருக்கா” என்று அவளிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். பெருமாள் நாடார் வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இந்துவாக மாறச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை. உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்று.

ஆகமப்பித்தன்:
அவளிடம் சர்டிபிகேட் கேட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை உள்ளே வந்து “இது வெறும் கல்” என்று பிரசங்கம் பண்ணுகிறவரோடு.

குடமுருட்டி:
சாக்கிய நாயனார் புத்த வேடத்தில் தினமும் லிங்கத்தின் மேல் கல்லையே எறிந்தார். அறுபத்து மூவரில் அவரும் ஒருவர்.

ஆகமப்பித்தன்:
அன்போடு எறிந்தார்.

அரிசிலாறு:
அந்த அன்பைக் காவலர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆகமப்பித்தன்:
முடியாது. அதனால்தான் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் பொய் சொன்னால் அது அவருக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு.

அரிசிலாறு:
அந்த அம்மா இன்னும் ஊரில்தான் இருக்கிறார். அடுத்த பிரதோஷத்துக்கு முன்னால் செயல் அலுவலரிடம் மனு கொடுக்கப் போகிறோம்.

ஆகமப்பித்தன்:
இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் “மனுவே வரலை” என்பார்கள்.