2^67 − 1ஐ 2 வகுக்கும்னு என் பைத்தான் கோட் சொல்லுது, எங்க தப்பு?

கேட்டவர்:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது. 2^67 − 1, அதாவது 147573952589676412927, இந்த 21 இலக்க நம்பருக்கு காரணி தேட சின்னதா ஒரு லூப் எழுதினேன், 2ல இருந்து ஒவ்வொண்ணா வகுத்து விடை முழு எண்ணா வந்தா பிரிண்ட் பண்ணணும் அவ்ளோதான். ரன் பண்ணா 2, 3, 4, 5னு வரிசையா எல்லாத்தையும் பிரிண்ட் பண்ணிட்டே போகுது!! நம்பர் 7ல முடியுது, ஒற்றைப்படை. இலக்கங்களை கூட்டினா 109, அப்ப 3ம் வகுக்காது. எக்செல்ல போட்டா கடைசி ஆறு இலக்கமும் 0 ஆயிடுது. லேப்டாப்லயே கோளாறா?

பதில் 1:
லேப்டாப்பை விடுங்க ப்ரோ, அது பாவம். நீங்க ஒத்த / போட்டு வகுத்திருப்பீங்க, அப்படி போட்டா விடை ஃப்ளோட்டா, அதாவது குறிப்பிட்ட அளவு துல்லியம் மட்டுமே இருக்கிற தசம எண்ணா மாறிடும். 2^52ஐ தாண்டின ஃப்ளோட்ல புள்ளிக்கு அப்புறம் எதையும் வைக்க இடமே கிடையாது, எல்லாமே முழு எண் தான். உங்க நம்பரை 32768 வரைக்கும் எதால வகுத்தாலும் விடை அந்த எல்லையிலயோ அதுக்கு மேலயோ தான் நிக்கும், அதான் எல்லாம் பாஸ். எக்செல் 15 இலக்கம் தான் வச்சுக்கும், மிச்சம் 0. % போட்டு மீதி 0ஆன்னு பாருங்க.

கேட்டவர்:
% போட்டதும் பொய் நின்னுடுச்சு, நன்றி ப்ரோ. ஆனா இப்ப ஒண்ணுமே வரல, ஓடிட்டே இருக்கு. பெர்மா சோதனை (n பகா எண்ணா இருந்தா 2^(n − 1)ஐ nஆல வகுக்கும்போது மீதி 1 வரணும்) 2ஐ வச்சு போட்டேன், மீதி 1. 2^n − 1 எந்தெந்த nக்கு பகா எண்ணா வரும்னு 1644ல பிரெஞ்சு கணிதர் மெர்சென் குடுத்த லிஸ்ட்லயும் 67 இருக்கு. அப்ப பகா எண் தானா?

பதில் 2:
அவசரப்படாதீங்க தம்பி. இந்த மாதிரி நம்பருக்கு 2ஐ வச்சு பெர்மா சோதனை போடவே கூடாது. 2^67ஐ இந்த நம்பரால வகுத்தா மீதி 1 தானே, நம்பர்ல 1 கழிச்சா வர்றது 67ஓட மடங்கு, அப்ப பகு எண்ணா இருந்தாலும் மீதி 1 தான் வரும். மெர்சென் 67லயும் 257லயும் சறுக்கினார், 61, 89, 107ஐ விட்டுட்டார். 67 தப்புன்னு பிரெஞ்சு கணிதர் லூகாஸ் 1876லயே காட்டிட்டார், காரணி என்னன்னு தெரியாமலே! அந்த காரணியை கண்டுபிடிச்சது அமெரிக்க கணிதர் கோல், 1903ல நியூயார்க்ல நடந்த கணிதக் கூட்டத்துல வாயே திறக்காம போர்டுல பெருக்கிக் காட்டிட்டு உக்காந்தார்னு சொல்வாங்க.

உங்க லூப்புக்கு வர்றேன். 2^67 − 1ஓட எந்த பகாக் காரணியும் 134ஓட மடங்கோட 1 கூட்டின மாதிரி தான் இருக்கும். ஒவ்வொண்ணா போகாம 135, 269, 403ன்னு 134 தாவி போங்க.

கேட்டவர்:
அண்ணா வந்துடுச்சு!! 193707721, 14,45,580வது சுத்துல. வகுத்தா 761838257287, திருப்பி பெருக்கினா கடைசி இலக்கம் வரை சரியா வருது. அடுத்து 2^257 − 1ஐயும் இதே மாதிரி 514 தாவி பாத்துடவா?

பதில் 2:
வேணாம் தம்பி. அது 78 இலக்கம், அதோட சின்ன காரணியே 15 இலக்கம், இந்த லூப் ஒரு லட்சம் கோடி சுத்துக்கு மேல சுத்தணும். பகு எண்ணான்னு மட்டும் தெரியணும்னா லூகாஸ்-லேமர் சோதனையை எழுதுங்க: 4ல ஆரம்பிச்சு, வர்க்கப்படுத்தி 2 கழிச்சு, 2^257 − 1ஆல வகுத்து மீதி எடுங்க, 255 தடவை. கடைசியில 0 வரலைன்னா பகு எண். என்டர் தட்டின உடனே விடை வந்துடும்.