புதுப்பிப்பு: வேலையை விடுவதா என்ற குழப்பம் தீர்ந்தது

கிண்டியில் பார்க்கும் கணக்கர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பொம்மை வடிவமைப்பில் இறங்கலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

முதலில், பெஞ்சமின் பிராங்கிளின் 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கிய முறைப்படி, சாதகபாதகங்களைத் தாளின் நடுவே கோடு போட்டு இருபுறமும் சில நாட்கள் எழுதி, எடை சமமானவற்றை அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் வீட்டுக் கடன் தவணை மட்டும் அடிபடாமல் நின்றது. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

கைகொடுத்தது, உளவியலாளர் கேரி கிளைனின் முறையைப் பரிந்துரைத்த நண்பரின் பதிலே. ஓராண்டு கழித்து முயற்சி தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு காரணங்களை எழுதச் சொல்லியிருந்தார். பத்து நிமிடத்தில் எழுதிய பதினொன்றில் எட்டு, பணத்தைப் பற்றியவையே அல்ல. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேச எனக்குள்ள கூச்சத்தைப் பற்றியவை.

ஆகவே வேலையை விடவில்லை. வாரம் இரண்டு மாலை பாண்டி பஜாரில் மாதிரிகளுடன் கடை ஏறுகிறேன். எதிர்பாராதது ஒன்று: "தலையாட்டி பொம்மை கார்ல ஒட்டுற மாதிரி சின்னதா இருக்கா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.