மறு: ‘புறப்பல்சர்க்கரைடு’க்குப் பதிலாக ‘பாசிவழும்பு’

> நீலப்பச்சைப் பாசிகள் செல்லுக்கு வெளியே சுரக்கும் பொருளைப் ‘புறப்பல்சர்க்கரைடு’ என்றே சொல்லிவிடலாமே?

வணக்கம் ஐயா,

உங்கள் சொல்லில் தவறில்லை. வேதியியல் கட்டுரைக்கு அது போதும். ஆனால் முதல்முறை படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் பொருள் எதுவும் கண்ணில் தெரியாது. அரிசியில் இருப்பதும் பல்சர்க்கரைடுதான், அதாவது சர்க்கரை அலகுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அதை மாவுப்பொருள் என்கிறோம். கையில் பட்டதை வைத்து வந்த பெயர் அது.

இதற்கும் அப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: வழும்பு. விலாங்கைப் பிடித்தால் கையில் ஒட்டுவது, மீனை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவும்போது போவது. ‘படியில் பாசி வழுக்கும், பார்த்துக் கால் வை’ என்கிறோமே, அந்த வழுக்கலும் இத்தகைய சுரப்பால்தான். மீனின் வழும்பில் புரதம் உண்டே என்று கேட்பீர்கள். அதனால்தான் ‘பாசிவழும்பு’ என்று அடைகொடுத்துச் சொல்கிறேன்.

போன மழைக்கு முன் மொட்டை மாடி மூலையிலிருந்து நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசியின் காய்ந்த துண்டு ஒன்றைப் பெயர்த்தேன். கருகிய அப்பளம் போல விரலில் நொறுங்கியது. ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உப்பி, கரும்பச்சையாகி, கொழகொழவென்று நழுவியது. உள்ளே இருந்த பாசி இழைகளைவிட அவற்றைச் சுற்றிய வழும்புதான் அவ்வளவு தண்ணீரையும் குடித்தது.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. மாவுப்பொருளில் குளுக்கோஸ் ஒன்றே திரும்பத் திரும்ப வரும். பாசிவழும்பில் பெரும்பாலும் ஆறோ அதற்கு மேலோ சர்க்கரை வகைகள் கலந்திருக்கும். ராம்னோஸ், ஃபியூகோஸ் கூட வரும். அவற்றோடு யூரோனிக் அமிலங்கள் எனும் சர்க்கரை அமிலங்களும், பலவற்றில் சல்பேட் தொகுதிகளும் சேர்வதால் சங்கிலி முழுக்க எதிர்மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிகிறது, அந்த இடைவெளியில் நீர் புகுந்து தங்குகிறது. செம்பு, ஈயம் போன்ற உலோக அயனிகளைப் பிடிப்பதும் இதே மின்னூட்டத்தால்தான். ஜப்பானின் கியூஷு தீவில் உணவாகும் சுயிசென்ஜி நோரி என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கும் சாக்ரான் என்ற பாசிவழும்பு, தன் எடையைப்போல் ஏறத்தாழ 6,000 மடங்கு தூய நீரை ஏற்கும். உப்புநீரில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுவிசையை மட்டுப்படுத்துகின்றன.

சரி, பாசிவழும்பின் வகைகளுக்கு வருவோம். செல்லை ஒட்டி மெல்லியதாக, அடர்த்தியாக இருப்பது ‘உறை’. நாஸ்டாக்கின் புறஊதா தாங்கும் நிறமியான சைட்டோனெமின் இங்கேதான் தங்குகிறது. அதற்கு வெளியே தடித்து, விளிம்பு தெளிவாகத் தெரியும்படி இருப்பது ‘பொதி’. விளிம்பில்லாமல் பரவி நீரில் கரைந்து போவது ‘கரைவழும்பு’. மூன்றுக்கும் ‘புற’ என்ற ஒரே முன்னொட்டை வைத்தால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

வேதியியல் வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பல்சர்க்கரைடு இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. ‘பொதி’யில்தான் எனக்கு இன்னும் தயக்கம். மூட்டை என்ற பொருள் முந்திக்கொண்டு வருகிறது. ‘கூடு’ என்றால் கெட்டியான ஓடு நினைவுக்கு வரும், இதுவோ வளைந்து கொடுக்கும் சவ்வு மாதிரி. உங்கள் பக்கத்து வழக்கில் இதற்கு வேறு சொல் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.