பிசுபிசுக்கும் துப்பாக்கிக் கட்டை (மேலத்தெரு குரூப்)

பிரபு: மாமா, ஏர் ரைஃபிள் கட்டைக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) போட்டு 4 நாள் ஆச்சு. இன்னும் பிசுபிசுங்குது, விரல் வச்சா ரேகை பதியுது.

செல்வம் மாமா: பச்சை எண்ணெயா, சீக்கிரம் காயற பாய்ல்டா? டப்பாவைப் பாரு.

பிரபு: பாய்ல்டுதான்.

செல்வம் மாமா: அப்ப துடைக்காம விட்டிருக்க.

பிரபு: பளபளப்பு வரட்டும்னு கொஞ்சம் தாராளமா... 😬

செல்வம் மாமா: இது தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாதுடா. காத்துல உள்ள ஆக்ஸிஜனை இழுத்துதான் இறுகும். தடியா நின்னா மேல ஆடை கட்டிக்கும், அடியில ஈரமாவே கிடக்கும். ஐப்பசி மழையில கேக்கவே வேணாம்.

ஆசாரி அண்ணன்: தம்பி, என்ன மரம்?

பிரபு: தேக்குண்ணே.

ஆசாரி அண்ணன்: அதுவும் சேந்துகிச்சு. தேக்குல சொந்த எண்ணெய் இருக்கு, காய விடாது. முதல்ல அசிட்டோன் தொட்டுத் துடைச்சுட்டு உடனே எண்ணெய் போடணும். ஈட்டி மரம் இன்னும் படுத்தும்.

சரோஜா பெரியம்மா: நல்லெண்ணெய் தடவினா என்ன? ஊஞ்சல் பலகைக்கு அதானே போடறோம்.

செல்வம் மாமா: ஊஞ்சலைத்தான் தினம் உக்காந்து உக்காந்து துடைச்சிடறோமே அக்கா 😄 நல்லெண்ணெய் சரியா இறுகாது. தேங்காயெண்ணெய் காயவே காயாது, சிக்கு வாடைதான் மிச்சம். ஆளிவிதை எண்ணெய், டங் ஆயில் (டங் மரக் கொட்டை எண்ணெய்) மாதிரி எண்ணெய்தான் நல்லா இறுகும். நம்ம ஊர் ஈரத்துக்கு டங் தேவலாம்.

ஆசாரி அண்ணன்: பிசுக்கை எடுத்துட்டு உப்புத்தாள் 180, 240, 320 நம்பர் வரிசையா. இரும்பு வந்து உக்கார்ற விளிம்புல தாள் படக்கூடாது, மழுங்கினா இடுக்கு தெரியும். பள்ளத்தைத் தேய்க்காதீங்க. ஈரத்துணி வச்சு அயர்ன் பாக்ஸை அமுக்கினா நசுங்கின நார் எழும்பும். அறுந்த நார் எழும்பாது. கடைசியா ஈரத்துணியால ஒத்தி, காஞ்சதும் நிக்கற சிலும்பை 320ல லேசா எடுங்க.

செல்வம் மாமா: முதல் கைக்கு (பூச்சுக்கு) பாதி எண்ணெய், பாதி டர்பன்டைன். 15 நிமிஷத்துல வறட்டுத்துணியால ஒண்ணும் இல்லாம துடை. அடுத்த கையிலேர்ந்து வெறும் எண்ணெய், மொத்தக் கட்டைக்கும் ஒரு டீஸ்பூன் போதும். உள்ளங்கை சூடேறத் தேய்ச்சுட்டு மறுபடி துடை. வெயில் நாள்ல கைக்குக் கை ஒரு நாள், இப்ப மூணு நாள். 5, 6 கை போடலாம்.

பிரபு: பேரல் உக்கார்ற குழிக்கும் வேணுமா?

ஆசாரி அண்ணன்: கட்டாயம். வெளிய மட்டும் போட்டா உள்பக்கம் ஈரம் குடிச்சுக் கட்டை முறுக்கும், குறி நகரும். தோள்ல வைக்கற முனையில இருக்கற பட் பிளேட்டைக் கழட்டி அந்தக் குறுக்கு வெட்டுக்கு ரெண்டு கை கூடுதலா. சொரசொரப்பு கட்டம் வெட்டின இடத்துக்கு டூத் பிரஷ்.

செல்வம் மாமா: துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாத, தானே சூடேறிப் பத்திக்கும். கொடியில விரிச்சுப் போடு.

பிரபு: சரி மாமா. மழை விட்டதும் ஆரம்பிக்கறேன்.

ஆசாரி அண்ணன்: எண்ணெய்க்கு வேணா காத்திருங்க தம்பி. இப்ப இருக்கற பிசுக்கை இன்னிக்கே டர்பன்டைன் நனைச்ச ஸ்டீல் உல்லால, மரத்தோட ரேகை போற பக்கமா எடுத்துடுங்க. நாலு ஜீரோ (0000) நம்பர் கேட்டு வாங்குங்க. இறுகிட்டா அப்புறம் சுரண்டத்தான் வேணும்.