ஸ்பெக்ட்ரம் 48கே கீபோர்டு மெம்பிரேன் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஒரு உதவி. மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே (1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்) இப்போது என்னிடம் இருக்கிறது. ரப்பர் கீ வைத்த பழைய மாடல். ஆன் ஆகிறது, ஆனால் க்யூ முதல் டி வரை (Q-T) ஐந்து கீயும் மொத்தமாக வேலை செய்யவில்லை. லோடு கட்டளை அடிக்கத் தேவையான ஜே, சிம்பல் ஷிஃப்ட், பி, என்டர் நான்கும் சரியாக இருப்பதால் கேசட்டிலிருந்து கேம் லோடு ஆகிவிடுகிறது. அப்புறம் மேலே ஏற க்யூவை அழுத்தினால் ஆள் அசையமாட்டேன் என்கிறான்!

மெம்பிரேனை, அதாவது கீகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சர்க்யூட் தாளை, போர்டோடு இணைக்கும் வால் உலர்ந்து விரிசல் விட்டிருக்கும் என்பது என் சந்தேகம். புது மெம்பிரேன் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்குமா, இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா? கஸ்டம்ஸ் எவ்வளவு தீட்டுவார்கள்? அடாப்டர் சரிதான்: 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ்.

2024-ல் வந்த புது ‘தி ஸ்பெக்ட்ரம்’ (இதன் நவீன நகல்) வாங்கச் சொல்லாதீர்கள். நல்ல பொருள்தான். ஆனால் 1984-ல் அல்டிமேட் நிறுவனம் வெளியிட்ட நைட் லோர் கேம், அறையில் பொருள்கள் கூடக்கூட இதன் அசல் இசட்80 பிராசசர் சிப்பில் திணறி ஓடுவதைத்தான் நான் பார்க்க வேண்டும். 48 கேபிக்குள் ஒரு கோட்டையையே கட்டிய அந்த ஆட்கள்தான் பின்னாளில் ரேர் என்ற கேம் நிறுவனமானார்கள். இன்றைக்கு 100 ஜிபி இறக்கிய கையோடு பேட்ச் கேட்கும் கேம்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மெம்பிரேன் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.